வானொலிப் பட்டறை: எந்த ஸ்க்ரூவை எப்போது தொடுவது?

இம்மாதக் கடிதங்களில் பெரும்பாலானவை சுங்கை பட்டாணியிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்தவை. லயத்து வீடுகளின் அலமாரி மேலே துணி போர்த்திக் கிடந்த வால்வு செட்டுகளை மறுபடி பேச வைக்க இத்தனை பேர் உட்கார்ந்திருப்பது மனதுக்கு நிறைவாக இருக்கிறது. கேள்விகள் அனைத்தும் ஏதோ ஒரு வகையில் அலைன்மென்டை, அதாவது செட்டின் காயில்களைச் சரியான அலைவரிசைக்குச் சேர்ப்பதைப் பற்றியவை என்பதால், ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: தாத்தா வைத்திருந்த பிலிப்ஸ் செட். வால்வுகள் இ.சி.எச். 81, இ.எஃப். 89, இ.பி.சி. 81, இ.எல். 84, இ.இசட். 80. சத்தம் மிக மெலிதாக வருகிறது. இரவில் கேட்கும் ஓரிரு நிலையங்களும் டயலில் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. ஐ.எஃப். டப்பாக்களின் கோரைத் திருகிப் பார்க்கலாமா?
— வாசகர், பீடோங்

பதில்: இப்போது வேண்டாம். ஐ.எஃப். என்பது எந்த நிலையத்தைப் பிடித்தாலும் செட் தனக்குள் மாற்றிப் பெருக்கும் ஒரே இடைநிலை அலைவரிசை. அதற்கான காயில்கள்தான் டப்பாக்களில் இருக்கின்றன; அவற்றுக்குள் திருகும் ஃபெரைட் துண்டு கோர். மெழுகு வைத்து அடைத்த கோர் தானாகச் சுற்றுவதில்லை. யாரும் கை வைக்காத செட்டாக இருந்தால், 60 ஆண்டுகள் கழித்தும் கால் சுற்று, மிஞ்சினால் அரைச் சுற்றுத் திருத்தம்தான் கேட்கும். சத்தம் மெலிந்ததற்குக் காரணம் பெரும்பாலும் கசியும் காகிதக் கண்டன்சர்களும் மதிப்பு ஏறிப்போன ரெசிஸ்டர்களும்தான். அவற்றை விட்டுவிட்டுக் கோரைத் திருகினால், கெட்ட பாகத்துக்கு ஏற்ப நல்ல காயிலையும் கெடுத்து வைத்ததாகும். பிறகு அந்தப் பாகத்தை மாற்றும்போது எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும்.

நம் ஊர் ஈரப்பதத்தில் மெழுகுக் காகிதக் கண்டன்சர் ஒன்றுகூடத் தேறாது என்று வைத்துக்கொண்டே தொடங்குங்கள். முதலில் பார்க்க வேண்டியது இ.எல். 84-இன் 2-ஆம் பின், அதாவது சிக்னலை உள்ளே வாங்கும் கிரிட். அங்கே செஸ்ஸிக்கு (செட்டின் உலோக அடித்தட்டு) எதிராக 0 வோல்ட் இருக்க வேண்டும். அரை வோல்ட் பாசிட்டிவ் தெரிந்தாலும், முந்தைய வால்வின் ஆனோடிலிருந்து (தகடு) அந்தக் கிரிட்டுக்கு வரும் 0.01 அல்லது 0.022 மைக்ரோஃபாரட் கண்டன்சர் கசிகிறது என்று பொருள். அதை உடனே மாற்றுங்கள். இல்லாவிட்டால் வால்வின் தகடு சிவந்து, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் கூடவே போகும். 630 வோல்ட் பாலியெஸ்டர் கண்டன்சர் போதும். அடுத்து, சிக்னலின் பலத்துக்கு ஏற்பப் பெருக்கத்தைத் தானாகக் குறைக்கும் ஏ.வி.சி. லைனில் உள்ள 0.047 அல்லது 0.1 மைக்ரோஃபாரட், அதன் பிறகு ஸ்க்ரீன் கிரிட்டுகளுக்கான கண்டன்சர்கள். ஃபில்டர் கண்டன்சரை மாற்றும்போது, இ.இசட். 80-க்கு நேராக வரும் முதல் கண்டன்சர் 50 மைக்ரோஃபாரடைத் தாண்டக் கூடாது. அந்த வால்வின் வரம்பு அதுதான். 47 மைக்ரோஃபாரட், 450 வோல்ட் சரியாக இருக்கும்.

ஆஸிலேட்டர், அதாவது நிலையத்தை ஐ.எஃப்.-க்கு மாற்றச் செட்டுக்குள்ளேயே அலை உண்டாக்கும் பகுதி, வேலை செய்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். இ.சி.எச். 81-இன் 9-ஆம் பின்னில், 10 மெகா ஓம் உள்ள டிஜிட்டல் மீட்டரின் முனையில் 1 மெகா ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்து அளந்தால், மைனஸ் 7 முதல் மைனஸ் 10 வோல்ட் வரை காட்ட வேண்டும். டயலை ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஓட்டும்போது அந்த எண் மெதுவாக மாறலாம், ஆனால் எங்கும் பூஜ்யத்துக்கு விழக் கூடாது. 700 கிலோ ஹெர்ட்ஸுக்குக் கீழே போனதும் விழுந்தால், வால்வு ஓய்ந்துவிட்டது, அல்லது டயல் குமிழோடு சுற்றும் கேங் கண்டன்சரின் தகடுகள் முழுதாக மூடும்போது ஒன்றோடொன்று உரசுகின்றன.

கேங் தகடுகளுக்கு நடுவே தூசும் கரப்பான் எச்சமும் பல்லி முட்டை ஓடும் இருப்பது நம் பக்கத்தில் சாதாரணம். மென்மையான தூரிகையால் தட்டிவிடுங்கள். ஓரத் தகடுகளில் கீற்றுக் கீற்றாக வெட்டு இருக்கும். அவை தொழிற்சாலையில் டயலுக்கு ஏற்றபடி வளைத்து வைத்தவை. கோணலாகத் தெரிகிறதே என்று நிமிர்த்தாதீர்கள். நீண்ட காலம் ஈரத்தில் கிடந்த செட் என்றால், மூடிய பெட்டிக்குள் 40 வாட் குண்டு பல்பு ஒன்றை எரியவிட்டு ஓர் இரவு வைத்து எடுங்கள். சூடு 60 டிகிரியைத் தாண்டினால் காயில் மெழுகு இளகிவிடும்.

இவ்வளவும் முடிந்தபின் செட் நன்றாகப் பேசினால், கோரைத் தொடும் தேவையே இல்லாமல் போகலாம்.

கேள்வி: கண்டன்சர்கள் எல்லாம் மாற்றியாகிவிட்டது. சிக்னல் ஜெனரேட்டரும் வாங்கிவிட்டேன். எங்கே தொடங்கி எங்கே முடிப்பது? ஒவ்வொருவரும் ஒவ்வொரு வரிசை சொல்கிறார்கள்.
— வாசகர், சுங்கை பட்டாணி

பதில்: வரிசையில் விவாதத்துக்கு இடமில்லை. முதலில் ஐ.எஃப்., பிறகு ஆஸிலேட்டர், கடைசியாக ஏரியல் காயில். ஐ.எஃப். எந்த அலைவரிசையில் நிற்கிறதோ அதை வைத்துத்தான் ஆஸிலேட்டர் டயலோடு பொருந்தும். ஆஸிலேட்டர் நின்ற இடத்தை வைத்துத்தான் ஏரியல் காயிலைச் சேர்க்க முடியும்.

மின்சாரம் பற்றி ஒரு வார்த்தை. வால்வு எண்கள் 'யு' என்ற எழுத்தில் தொடங்கினால், அதாவது யு.சி.எச். 81, யு.எல். 84 வகை என்றால், செஸ்ஸி நேராக மெயின்ஸில் தொங்குகிறது. ஜெனரேட்டரின் எர்த் வயரை அதில் மாட்டிய கணமே வீட்டு ஆர்.சி.சி.பி. (மின்கசிவில் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழும், விழாவிட்டால் அதைவிட ஆபத்து. 240-க்கு 240, 100 வி.ஏ. ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் இந்த வகையைத் திறக்கவே வேண்டாம். வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் இதற்கு உதவாது, ஏனென்றால் அது மெயின்ஸைப் பிரிப்பதில்லை.

செட்டை அரை மணி நேரம் ஓடவிட்டுச் சூடாக்குங்கள். வால்யூமை முழுவதும் திறந்து, டோனை உச்ச ஸ்தாயிக்கு வையுங்கள். ஸ்பீக்கர் முனைகளில் ஏ.சி. வோல்ட் மீட்டர். ஜெனரேட்டரில் 400 அல்லது 1000 ஹெர்ட்ஸ் மாடுலேஷன், 30 விழுக்காடு. வேலை முழுக்க மீட்டர் அரை வோல்டுக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 5 ஓம் ஸ்பீக்கரில் அது 50 மில்லி வாட். உச்சம் கூடக் கூட ஜெனரேட்டரைத்தான் குறைக்க வேண்டும், வால்யூமை அல்ல. பலமான சிக்னல் கொடுத்தால் ஏ.வி.சி. குறுக்கிட்டு உச்சத்தைத் தட்டையாக்கிவிடும். கோரை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மாதிரி கேட்கும். பலரும் தவறுவது இங்கேதான்.

ஐ.எஃப். எத்தனை என்று செட்டின் சர்க்யூட்டில் பாருங்கள். 455 என்று கண்ணை மூடிக்கொண்டு வைக்காதீர்கள். பிலிப்ஸ் செட்டுகள் பலவற்றில் 452. ஜெர்மன் செட்டுகளில் 460, 468. பிரிட்டிஷ் செட்டுகளில் 465, 470 என்றெல்லாம் உண்டு. 452-க்கு வரைந்த டயலை 470-க்குச் சேர்த்தால் நடுவில் எங்காவது விலகியே நிற்கும்.

ஜெனரேட்டரை 0.1 மைக்ரோஃபாரட் வழியாக இ.சி.எச். 81-இன் 2-ஆம் பின்னுக்குக் கொடுங்கள். ஆஸிலேட்டர் குறுக்கே வராமலிருக்க, கேங்கின் ஆஸிலேட்டர் பகுதிக்கு இணையாக இன்னொரு 0.1 மைக்ரோஃபாரடைக் கிளிப்பில் மாட்டி அதை நிறுத்திவிடலாம். இப்போது பின்னாலிருந்து முன்னால் வாருங்கள்: இரண்டாம் ஐ.எஃப். டப்பாவில் டிடெக்டர் (சிக்னலிலிருந்து ஒலியைப் பிரிக்கும் பகுதி) பக்கக் கோர், அதன் ஆனோட் பக்கக் கோர், பிறகு முதல் டப்பாவில் கிரிட் பக்கம், ஆனோட் பக்கம். நான்கையும் உச்சத்துக்குக் கொண்டுவந்து, மறுபடி ஒரு முறை நான்கையும் தொட்டு முடியுங்கள். சில செட்டுகளில் ஒரு கோரைச் சரிசெய்தால் மற்றது நகர்ந்துகொண்டே இருக்கும். அங்கே இரு காயில்களும் இறுக்கமாக இணைந்துள்ளன. செட்டை அணைத்து, ஒரு காயிலின் குறுக்கே 22 கிலோ ஓம் ரெசிஸ்டரைக் கிளிப்பில் மாட்டி அதை மந்தமாக்கிவிட்டு மற்றதைச் சேருங்கள். பிறகு இடம் மாற்றிச் செய்யுங்கள். ஆனோட் பக்கக் காயிலில் 250 வோல்ட் வரை இருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

அடுத்து டயல். கேங்கை முழுதாக மூடினால் முள் டயலின் தாழ்ந்த முனையில் உள்ள குறியில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் நூலில் முள்ளை நகர்த்திச் சரிசெய்யுங்கள்; அதற்காக டிரிம்மரை (திருகி மதிப்பை மாற்றும் சிறு கண்டன்சர்) தொடாதீர்கள். பல டயல்களில் மீட்டர்தான் எழுதியிருக்கும். 500 மீட்டர் என்றால் 600 கிலோ ஹெர்ட்ஸ், 200 மீட்டர் என்றால் 1500.

ஜெனரேட்டரை இப்போது ஏரியல் சாக்கெட்டுக்கு மாற்றி, நடுவில் 200 பிக்கோஃபாரட் ஒன்றை வையுங்கள். அது ஏரியல் வயரின் இடத்தில் நிற்கிறது. 600-இல் ஆஸிலேட்டர் காயிலின் கோரையும், 1500-இல் ஆஸிலேட்டர் டிரிம்மரையும் திருப்பி, சிக்னல் டயலில் உரிய இடத்தில் விழச் செய்யுங்கள். கோர் இல்லாத செட்டில் அந்த வேலையைப் பேடர் கண்டன்சர் செய்யும். இரண்டும் ஒன்றையொன்று பாதிப்பதால் மூன்று தடவையாவது மாறி மாறிச் செய்ய வேண்டும்.

தாழ்ந்த முனையில் கோர், உயர்ந்த முனையில் டிரிம்மர் என்பது வெறும் வழக்கமல்ல. கேங் மூடியிருக்கும்போது அதில் 500 பிக்கோஃபாரட் அளவு இருக்கிறது. டிரிம்மரின் 5 பிக்கோஃபாரட் மாற்றம் அங்கே எடுபடாது. கேங் திறந்திருக்கும்போது வயரிங்கையும் சேர்த்து மொத்தமே 60 பிக்கோஃபாரட் வட்டாரம்தான். அங்கே அதே 5 பெரிய மாற்றம். இதைப் புரிந்துகொண்டால் எந்த ஸ்க்ரூ எந்த முனைக்கு என்று யாரையும் கேட்க வேண்டியிருக்காது.

கடைசியாக ஏரியல் காயில். 600-இல் அதன் கோர், 1400-இல் அதன் டிரிம்மர். இங்கே டயலை இம்மியளவு முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே உச்சம் தேடுங்கள். 1000-இல் ஒரு தடவை சோதித்துப் பாருங்கள். அங்கே சற்றே குறைந்தால் பரவாயில்லை. ஏரியல் சாக்கெட்டை ஒட்டித் ஐ.எஃப். அலைவரிசையை உள்ளே விடாமல் தடுக்கும் டிராப் காயில் தனியாக இருந்தால், 452-ஐப் பலமாகக் கொடுத்து அதை மட்டும் சத்தம் மிகக் குறையும்படி வையுங்கள். செட்டில் உச்சம் தேடாமல் பள்ளம் தேடும் ஒரே கோர் அதுதான்.

கேள்வி: ஜெனரேட்டர் வாங்கும் வசதி இல்லை. நிலையத்தை வைத்தே சேர்க்கலாம் என்றால் மத்திய அலையில் பகலில் இரைச்சல் மட்டும்தான். வேறு வழி உண்டா?
— வாசகர், பாடாங் செராய்

பதில்: உண்டு. மின்னல் எஃப்.எம். உட்பட ஆர்.டி.எம். (அரசு வானொலி) நிலையங்கள் பண்பலைக்குப் போய்விட்ட நிலையில் இந்த வழி உங்களைப் போன்ற பலருக்கும் உதவும். 1 கிலோ ஹெர்ட்ஸ் படியில் நகரும் டிஜிட்டல் டிஸ்ப்ளே ரேடியோ ஒன்று போதும். உறவினரிடம் இரவல் வாங்கினாலும் சரி.

உங்கள் வால்வு செட்டின் ஆஸிலேட்டர் ஒரு சின்ன டிரான்ஸ்மிட்டர். டயலில் காட்டும் எண்ணோடு ஐ.எஃப்.-ஐக் கூட்டினால் கிடைப்பது அதன் அலைவரிசை. ஐ.எஃப். 452 என்று கொள்வோம். முள்ளை 600-இல் வைத்தால் ஆஸிலேட்டர் 1052-இல் இருக்க வேண்டும். டிஜிட்டல் ரேடியோவை ஒரு முழ தூரத்தில் வைத்து 1052-க்குப் போங்கள். ஆஸிலேட்டர் அங்கே இருந்தால் இரைச்சல் சட்டென்று அடங்கி, சிக்னல் பட்டை ஏறும். வேறெங்காவது அடங்கினால், 1052-க்கு வரும்வரை ஆஸிலேட்டர் கோரைத் திருப்புங்கள். முள் 1200-இல் இருக்கும்போது 1652. பல டிஜிட்டல் செட்டுகள் மத்திய அலையில் 1710 வரை போவதால் அதுவும் கிடைக்கும். 1400-க்கு 1852 தேவை. சிற்றலை 1711-இலிருந்து தொடங்கும் செட் என்றால் அங்கே தேடுங்கள். அதில் எஸ்.எஸ்.பி. (ஒற்றைப் பக்கப்பட்டை) வசதி இருந்தால் விசில் சத்தமாகவே கேட்கும், இன்னும் துல்லியம்.

இதே வழியில் ஐ.எஃப். எங்கே நிற்கிறது என்றும் கண்டுபிடிக்கலாம். நம் வட்டாரத்தில் மத்திய அலை நிலையங்கள் 531-இல் தொடங்கி 9 கிலோ ஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைகின்றன. இருட்டியபின் ஒரு நிலையத்தை வால்வு செட்டில் உச்சத்தில் பிடியுங்கள். அது 891 என்று டிஜிட்டல் ரேடியோவில் உறுதி செய்துகொண்டு, பிறகு ஆஸிலேட்டரைத் தேடுங்கள். 1349-இல் அகப்பட்டால் 1349-இலிருந்து 891 போக 458, அதாவது ஐ.எஃப். 6 கிலோ ஹெர்ட்ஸ் மேலே ஏறிக் கிடக்கிறது. காதால் உச்சம் பிடிப்பதில் இரண்டு கிலோ ஹெர்ட்ஸ் பிழை வரும் என்பதால், 450 முதல் 454 வரை எது வந்தாலும் கோரைத் தொடாமல் விட்டுவிடுங்கள்.

உச்சம் பார்க்கக் காதை நம்ப வேண்டாம். ஏ.வி.சி. லைனில் மீட்டரை வைத்து, மைனஸ் எண் எங்கே அதிகம் என்று பாருங்கள். வேலை செய்யும்போது எல்.இ.டி. விளக்கையும் கைப்பேசி சார்ஜரையும் பிளக்கிலிருந்தே எடுத்துவிடுங்கள். மத்திய அலையில் பாதி இரைச்சல் அவற்றால்தான்.

கேள்வி: ஐ.எஃப். கோர் அசையவே இல்லை. திருப்புளியை அழுத்தியதில் வெட்டு வாய் உடைந்துவிட்டது. டப்பாவைத் தூக்கி எறிய வேண்டியதுதானா?
— வாசகர், கூலிம்

பதில்: வேண்டாம். கோரைப் பிடித்துக்கொண்டிருப்பது மெழுகு. ஹேர் டிரையரால் டப்பாவை ஒரு நிமிடம் சூடாக்கி, கை பொறுக்கும் சூட்டில் திருப்பிப் பாருங்கள். மேல் வாய் உடைந்திருந்தால் டப்பாவின் மறுபக்கத்திலிருந்து முயலலாம். கோரின் இரு முனையிலும் வெட்டு இருப்பதுண்டு. எண்ணெய் விடவே கூடாது. அது காயில் சுற்றிய அட்டைக் குழாயை ஊற வைத்துவிடும்.

இரும்புத் திருப்புளி இரண்டு வகையில் கெடுதல். ஃபெரைட் கண்ணாடி மாதிரி நொறுங்கும். அதோடு, இரும்பு உள்ளே இருக்கும்போது காட்டும் உச்சம், அதை வெளியே எடுத்ததும் மாறிவிடும். மூங்கில் சாப்ஸ்டிக்கின் நுனியைப் பிளேடால் சீவி, வெட்டு வாயின் முழு அகலத்துக்கும் பொருந்தும்படி செய்துகொள்ளுங்கள். காசு செலவில்லாத நல்ல கருவி. அறுகோணத் துளை உள்ள கோர்களுக்கு மட்டும் பிளாஸ்டிக் அலைன்மென்ட் சாவி வாங்குங்கள். திருப்பும் முன் கோரின் ஆழத்தையும் வாயின் திசையையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மரை தளர்ந்து ஆடும் கோருக்குக் குழாய் வேலைக்காரர்கள் சுற்றும் வெள்ளை டேப்பில் மெல்லிய கீற்று ஒன்று போதும். முடித்தபின் ஒரு சொட்டு தேன்மெழுகு. சூப்பர் குளூ வேண்டாம்.

இன்னொன்று: பழைய பிலிப்ஸ் செட்டுகளில் பீங்கான் குழாயின் மேல் மெல்லிய கம்பி நெருக்கமாகச் சுற்றியிருக்கும். பார்க்கச் சின்னக் காயில் போலத் தெரிந்தாலும் அது டிரிம்மர் கண்டன்சர். கம்பியைப் பிரிக்கப் பிரிக்க மதிப்பு குறையும். பிரித்ததைத் திரும்பச் சுற்ற முடியாது. மேலும் கூட்ட வேண்டியிருந்தால் அதை எடுத்துவிட்டு 3 முதல் 30 பிக்கோஃபாரட் வரையுள்ள சாதாரண டிரிம்மரைப் போடுங்கள்.

கேள்வி: சிற்றலையில் ஒரே நிலையம் இரண்டு இடத்தில் கேட்கிறது. ஆஸிலேட்டர் டிரிம்மரைத் திருப்பினாலும் இரண்டு இடத்தில் உச்சம் வருகிறது. எது சரி?
— வாசகர், சுங்கை லாலாங்

பதில்: டிரிம்மர் அதிகம் திறந்திருக்கும் உச்சம், அதாவது குறைந்த கண்டன்சர் மதிப்பில் வருவதுதான் சரி. ஆஸிலேட்டர் சிக்னலுக்கு மேலே ஓட வேண்டும். மற்ற உச்சத்தில் அது கீழே ஓடுகிறது.

சரிபார்ப்பது எளிது. சீனாவின் பி.பி.எம். நேர நிலையம் 5, 10, 15 மெகா ஹெர்ட்ஸில் நொடிக்கொரு டிக் அனுப்புகிறது. பெயரே கேட்க வேண்டாம், டிக்கிலேயே தெரியும். 15 மெகா ஹெர்ட்ஸ் டயலில் 20 மீட்டர். 10 மெகா ஹெர்ட்ஸ் 30 மீட்டர். 15-இல் அதைப் பிடித்தபின் டயலைக் கீழே இறக்குங்கள். ஐ.எஃப். 452 என்றால் அதன் இரு மடங்கு 904, எனவே 14.1-க்கு அருகில் அதே டிக் மெலிதாகக் கேட்க வேண்டும். கீழே கேட்காமல் மேலே, 15.9-க்கு அருகில் கேட்டால் தவறான உச்சத்தில் இருக்கிறீர்கள். ஏரியல் டிரிம்மரில் இது தலைகீழ்: இரண்டு உச்சம் வந்தால், அதிகம் மூடியிருக்கும் பக்கத்தை எடுங்கள். சிற்றலையில் ஜெனரேட்டர் கொடுத்துச் சேர்ப்பவர்கள் 200 பிக்கோஃபாரடுக்குப் பதில் 400 ஓம் ரெசிஸ்டர் வைக்க வேண்டும்.

ஒரே நிலையம் இரண்டு இடத்தில் கேட்பதை முழுவதும் ஒழிக்க முடியாது. மத்திய அலையில் 600-க்கு 904 மேலே என்பது வெகு தூரம். ஏரியல் காயில் அதைத் தடுத்துவிடும். 15 மெகா ஹெர்ட்ஸில் அதே 904 வெறும் 6 விழுக்காடு விலகல். ஒற்றை ஏரியல் காயில் உள்ள செட்டால் அதற்கு மேல் பிரிக்க இயலாது. உண்மையான இடத்தில் பலமாகவும் போலி இடத்தில் மெலிதாகவும் கேட்டால் உங்கள் வேலை சரி.

கேள்வி: ஐ.எஃப். சேர்த்தபின் ஒவ்வொரு நிலையத்திலும் விசில். சேர்க்கும் முன்பு இல்லை.
— வாசகர், கோலா கெட்டில்

பதில்: காயில்கள் கூர்மையாகச் சேர்ந்ததும் பெருக்கம் கூடி, மறைந்திருந்த குறை வெளியே வந்திருக்கிறது. கோரைப் பின்வாங்கி விசிலை அடக்காதீர்கள். இ.எஃப். 89-இன் ஸ்க்ரீன் கண்டன்சரை மாற்றுங்கள். ஃபில்டர் கண்டன்சருக்கு இணையாக 0.1 மைக்ரோஃபாரட் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். ஐ.எஃப். டப்பாவின் காதுகள் செஸ்ஸியில் துரு இல்லாமல் அமர்ந்திருக்கின்றனவா, வால்வின் கவசம் இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். கண்டன்சர் மாற்றும்போது ஆனோட் வயரைக் கிரிட் வயரின் பக்கம் தள்ளிவிட்டிருந்தாலும் இதே தொல்லை வரும்.

விசில் 900 கிலோ ஹெர்ட்ஸ் நிலையத்தில் மட்டும் என்றால் அது வேறு. 452-இன் இரு மடங்கான 904 டிடெக்டரிலிருந்து ஏரியல் பக்கம் கசிந்து 900-உடன் மோதுகிறது. ஏரியல் வயரை டிடெக்டர் பக்கத்திலிருந்து விலக்கி வைத்தால் குறையும்.

கேள்வி: டிரான்சிஸ்டர் ரேடியோவில் சிவப்பு, மஞ்சள், வெள்ளை, கறுப்புக் கோர்கள் இருக்கின்றன. எது எது?
— வாசகர், பீடோங்

பதில்: சிவப்பு ஆஸிலேட்டர். மஞ்சள், வெள்ளை, கறுப்பு முறையே முதல், இரண்டாம், மூன்றாம் ஐ.எஃப். கறுப்பில் தொடங்கி மஞ்சளுக்கு வாருங்கள், பெரும்பாலும் 455. கேங்கின் முதுகில் உள்ள டிரிம்மர்களில் எதைத் தொட்டால் நிலையம் டயலில் இடம் மாறுகிறதோ அது ஆஸிலேட்டர். சத்தம் மட்டும் மாறினால் ஏரியல். தாழ்ந்த முனையில் ஏரியலைச் சேர்க்க, ஃபெரைட் தண்டின் மேல் காயிலை மெழுகிலிருந்து விடுவித்து நகர்த்த வேண்டும். நடுவை நோக்கி நகர்த்தினால் இண்டக்டன்ஸ் கூடும். ஜெனரேட்டரை வயரால் இணைக்காதீர்கள். நான்கு சுற்று வயரை வளையமாக்கி அதன் முனைகளில் மாட்டி, ஓரடி தள்ளி வைத்தால் போதும். பேட்டரி புதிதாக இருக்கட்டும்.

கேள்வி: நிலையம் சரியாக நிற்கிறதா என்று பச்சை ஒளியில் காட்டும் மேஜிக் ஐ வால்வு மங்கலாக எரிகிறது. அலைன்மென்ட் சரியானால் பளிச்சென்று ஆகுமா?
— வாசகர், சுங்கை பட்டாணி

பதில்: ஆகாது. இ.எம். 80 வகையில் உள்ளே பூசிய பச்சைப் பூச்சு எரிந்து எரிந்து தேய்கிறது. நிலையத்துக்கு ஏற்ப நிழல் அசைந்தால் அலைன்மென்ட் பக்கம் சரிதான். வெளிச்சத்துக்கு வேறு வால்வு வேண்டும். அசையவே இல்லையென்றால் அதன் ஆனோட் ரெசிஸ்டரை அளந்து பாருங்கள். அரை மெகா ஓம் வட்டாரத்தில் உள்ள அது அறுந்துபோவது சகஜம்.

கேள்வி: ஈப்போவில் இருந்த பெரியப்பா வீட்டிலிருந்து ரெடிஃப்யூஷன் பெட்டி ஒன்று கிடைத்தது. டியூனிங் குமிழே இல்லை. உள்ளே காயிலும் இல்லை. யாராவது கழற்றிவிட்டார்களா?
— வாசகர், கூலிம்

பதில்: யாரும் கழற்றவில்லை. ரெடிஃப்யூஷன் நம் நாட்டில் 1949-இல் தொடங்கிய கம்பிவழி ஒலிபரப்பு. ஒலி வயரிலேயே வீட்டுக்கு வந்தது. பெட்டிக்குள் ஸ்பீக்கர், ஒரு சிறிய டிரான்ஸ்ஃபார்மர், வால்யூம் கண்ட்ரோல், அவ்வளவுதான். சேர்க்க எதுவுமில்லை. ஸ்பீக்கர் அட்டை பூச்சி அரிக்காமல் இருந்தால், ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒலி கொடுத்துக் கேட்கலாம்.

கேள்வி: ஜெர்மன் வால்வு செட். எஃப்.எம். டயல் 100-இல் முடிகிறது. அதற்கு மேலே உள்ள நிலையங்களைக் கேட்க ஆஸிலேட்டரை நகர்த்தலாமா?
— வாசகர், பாடாங் செராய்

பதில்: 1950-களின் ஜெர்மன் செட்டுகளின் எஃப்.எம். பகுதி 87 முதல் 100 மெகா ஹெர்ட்ஸ் வரைதான். டிரிம்மரைத் திறந்து ஓரிரு மெகா ஹெர்ட்ஸ் மேலே இழுக்கலாம், ஆனால் அதே அளவு கீழ்முனையில் இழப்பீர்கள்; டயலும் பொய் சொல்லும். 10.7 மெகா ஹெர்ட்ஸ் ஐ.எஃப்.-ஐயும், எஃப்.எம். சிக்னலிலிருந்து ஒலியைப் பிரிக்கும் ரேஷியோ டிடெக்டரையும் இதற்காகத் தொடவே கூடாது. எங்கள் யோசனை, எஃப்.எம். பகுதியை அப்படியே விட்டுவிட்டு, பின்னால் உள்ள கிராமஃபோன் சாக்கெட்டில் கைப்பேசியிலிருந்தோ சிறிய எஃப்.எம். ரேடியோவிலிருந்தோ ஒலி கொடுப்பது. இடது, வலது இரண்டையும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று வழியாகச் சேர்த்து ஒன்றாக்கிக் கொடுங்கள். 'யு' வரிசை வால்வுகள் உள்ள செட்டில் இதை நேராகச் செய்யாதீர்கள். கைப்பேசியின் உலோக உடம்புக்கே மெயின்ஸ் வந்துவிடும். அதற்கு 1-க்கு 1 ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை இடையில் வைக்க வேண்டும். அதன் இரு சுற்றுகளுக்கும் இடையே மெயின்ஸ் தாங்கும் காப்பு உண்டு என்று தெரிந்து வாங்குங்கள்.